போட்டோ பிரிண்ட்: வீட்டிலா, லேபிலா?

போட்டோ பிரிண்டர் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, இல்லை வழக்கம்போல ஸ்டுடியோவில் கொடுத்து வாங்குவதே மேலா என்று யோசிப்பவர்கள், ஒரு படத்துக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்ற கணக்கில்தான் தொடங்குவார்கள். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: மெஷின் எத்தனை நாள் சும்மா கிடக்கும்? இங்க்ஜெட் பிரிண்டர் ஓடித் தேய்ந்து கெடுவதைவிட ஓடாமல் காய்ந்து கெடுவதே அதிகம். இங்க் வரும் துவாரங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னவை. சித்திரை வெயிலில் மூன்று வாரம் மூடிக் கிடந்தாலே அவற்றில் சில அடைத்துக்கொள்ளும்.

ஸ்டுடியோக்களுக்குப் படம் போட்டுத் தரும் லேபுக்கும் இதே விதிதான். அங்கே காய்வதற்குப் பதிலாக ரசாயனம் பழசாகும். நாள் முழுக்கப் பேப்பர் ஓடும் லேபில் ரசாயனம் தீரத் தீரப் புதிது சேர்ந்துகொண்டே இருக்கும். நிறம் நிலையாக நிற்கும். வேலை குறைந்த லேபில் அதே தொட்டியில் அதே ரசாயனம் நாள்கணக்கில் கிடந்து காற்றுப் பட்டு வலுவிழக்கும். வெள்ளை மங்கும், கறுப்பில் ஆழம் குறையும். கல்யாணம் நடக்காத ஆடியிலும் மார்கழியிலும் பெரிய படம் போடக் கொடுத்தால், முதலில் ஒரு சின்னப் படம் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி சொல்வது நல்லது.

கையில் வருவது எந்த வகைப் படம்

லேபில் இன்றும் படத்தைக் கழுவத்தான் செய்கிறார்கள். வெள்ளி உப்பு பூசிய, வெளிச்சம் பட்டால் மாறும் பேப்பர் மெஷினுக்குள் இருட்டில் சுருளாக இருக்கும். சிவப்பு, பச்சை, நீல லேசர் ஒளி அதன் மேல் படத்தை எழுதும். பிறகு அந்தப் பேப்பர் டெவலப்பர், பிளீச்-ஃபிக்ஸ், கழுவும் தொட்டி, சூடான காற்று என்று வரிசையாகப் போய்ச் சில நிமிடத்தில் காய்ந்து வெளியே வரும். நிறம் பேப்பரின் பூச்சுக்குள்ளேயே உருவாவதால் இதில் புள்ளி என்பதே கிடையாது. கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் இடம் வழுவழுப்பாக இருக்கும். ஆள் முகங்களுக்கு இந்த முறை இன்னும் முதலிடத்தில் நிற்பது அதனால்தான்.

கடையில் நிற்கும்போதே பாஸ்போர்ட் படம் எடுத்துத் தரும் சின்ன மெஷின் பெரும்பாலும் டை சப்ளிமேஷன். அதில் இங்க் பாட்டில் இல்லை, ரிப்பன் இருக்கும். மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சியான் (பச்சை கலந்த நீலம்) என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை பேப்பர் உள்ளே போய் வரும். சூட்டில் சாயம் ஆவியாகிப் பேப்பரில் இறங்கும். கடைசியாக மேலே ஒரு தெளிவான பூச்சு. வெளியே வரும்போதே காய்ந்திருக்கும், ஈரக்கை பட்டாலும் கலையாது. வீட்டுக்கென்று வரும் கேனான் செல்ஃபி இந்த வகைதான். அதன் பெரிய அளவு 4x6 அங்குலம்தான், அதற்கு மேல் போகாது. ரிப்பனும் பேப்பரும் சேர்ந்தே வருவதால் ஒரு படத்தின் செலவு முன்கூட்டியே தெரியும். வெள்ளைப் பின்னணியானாலும் ராத்திரித் தேரானாலும் ரிப்பனில் ஒரே நீளம்தான் தீரும். இதற்கு எதிரி தூசி. ரிப்பனுக்கும் பேப்பருக்கும் இடையில் ஒரு துகள் சிக்கினால் படத்தில் வெள்ளைப் புள்ளியோ கோடோ விழும். ஆனி, ஆடிக் காற்றில் மண் பறக்கும் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, மெஷினைத் துணியால் மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இங்க்ஜெட். வீட்டில் பிரிண்டர் என்றால் பெரும்பாலும் இதுதான். இதில் நான்கு நிறம், ஆறு நிறம் என்ற வித்தியாசம் முக்கியம். நான்கு நிற மெஷினில் வெளிர் நிறம் வேண்டுமென்றால், அடர்ந்த இங்க்கின் புள்ளிகளைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். வானத்திலும் நெற்றியிலும் அது மணல் தூவினதுபோலத் தெரியும். ஆறு நிற மெஷினில் வெளிர் சியான், வெளிர் மெஜந்தா என்று தனி இங்க் இருப்பதால் அந்த மணல் மறைந்துவிடும். எப்சான் எல்805, எல்8050 மாடல்கள் சின்ன ஸ்டுடியோக்களிலும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. ஆபீஸ் வேலைக்கென்று விற்கும், பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றும் டேங்க் பிரிண்டர் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க்காக (கரையாத நுண்தூள் கலந்த இங்க்) இருக்கும். அது பளபளப்பான போட்டோ பேப்பரில் ஒட்டாது என்பதால், மெஷின் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பு உண்டாக்கும். தலைமுடி காப்பிக் கலரில் வருவது இதனால். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: போட்டோ பேப்பரில் கறுப்புக்கு எந்த இங்க் போகும்?

நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் பலர் லேப் பிரிண்ட் என்றே நினைத்து வாங்குகிறார்கள். அது டோனர் தூளில் ஓடும் டிஜிட்டல் பிரஸ். கிழியாத ஷீட்டில் வரும் கல்யாண ஆல்பம் பலவும் இந்த வகை. மோசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது வேறு பொருள், விலையும் வேறாக இருக்க வேண்டும். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் மாதிரி ஒன்றால் முகத்தைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளியோ கோடோ தெரிந்தால் டோனர். ஒழுங்கில்லாமல் சிதறிய நுண்புள்ளி என்றால் இங்க்ஜெட். புள்ளியே இல்லையென்றால் கழுவிய படமோ டை சப்ளிமேஷனோ. கழுவிய படத்தின் பின்பக்கம் பெரும்பாலும் பேப்பர் கம்பெனியின் பெயர் மங்கலாக அச்சாகியிருக்கும்.

சிவகாசி ஆஃப்செட்டில் போட்டால் மலிவு என்று சொல்பவர்களும் உண்டு. ஆஃப்செட்டுக்குத் தகடு செய்ய வேண்டும். காலண்டர், அழைப்பிதழ் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டும்போதுதான் அது மலிவு. பத்துப் படத்துக்கு அந்தப் பேச்சே இல்லை.

பிக்சல் கணக்கு

எந்த மெஷினில் போட்டாலும் ஃபைலில் இல்லாததை அது கொண்டுவராது. கணக்கு எளிது: படத்தின் நீளப் பக்கத்துப் பிக்சலை, பேப்பரின் நீளப் பக்கத்து அங்குலத்தால் வகுக்கவும். விடை 300 என்றால் கையில் வைத்துப் பார்க்கக் கூர்மை. 200 என்றால் பரவாயில்லை. 150 என்றால் நாலைந்து அடி தள்ளிச் சுவரில் மாட்டலாம். அதற்குக் கீழே போனால் கண் இமையும் சேலைக் கரையும் கலங்கும்.

12 மெகாபிக்சல் போன் படம் 4000x3000. 13 அங்குலம் வரை 300 கிடைக்கும், தாராளம். அதே படம் வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வந்தால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 4x6 போட்டால் 1600ஐ 6 ஆல் வகுத்து 266, நன்றாகவே வரும். 8x12 போட்டால் 133. அங்கேதான் ‘லேப்காரன் கெடுத்துட்டான்’ என்ற பேச்சு கிளம்புகிறது. கெடுத்தது லேப் அல்ல. கடைக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே போகும். பென்டிரைவ் இன்னும் நல்லது.

கூந்தன்குளத்தில் மரத்து உச்சியில் இருந்த செங்கால் நாரையை எடுத்து, பறவை மட்டும் வரும்படி வெட்டினால் கணக்கு தலைகீழாகும். 24 மெகாபிக்சல் படம் 6000x4000. அதில் நீளத்தில் கால், உயரத்தில் கால் மட்டும் வைத்துக்கொண்டால் மிச்சம் 1500x1000; 300 கணக்கில் அது 5 அங்குலப் படம்தான். ஆனித் தேரோட்டத்தில் ரத வீதிக் கூட்டத்தை மாடியிலிருந்து எடுத்த படத்துக்கும் தாராளமான பிக்சல் வேண்டும். ஆயிரம் தலையும் தனித்தனியே தெரிய வேண்டும் அல்லவா. ஒற்றை முகம் 150இல் தாங்கும், கூட்டம் தாங்காது.

அடுத்தது பக்க அளவு. கேமரா படம் 3க்கு 2. 4x6, 8x12, 12x18 மூன்றிலும் அப்படியே உட்காரும். போன் படம் 4க்கு 3. 6x8 அளவுக்குப் பொருந்தும். போன் படத்தை 4x6 பேப்பர் நிறையப் போட்டால் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்பவர் தலையோ முன்வரிசைக் கால்களோ போவது இங்கேதான். கேமரா படத்தை 8x10 போட்டால் ஆறில் ஒரு பங்கு போகும். எதை வெட்டுவது என்பதை மெஷினிடம் விடாமல், போனிலேயே அளவு தேர்ந்து வெட்டிவைத்துவிடுங்கள்.

வீட்டில் போடுவதென்றால்

பேப்பரில் இருந்து தொடங்கலாம். பாக்கெட்டில் ஜிஎஸ்எம் பார்த்து வாங்குகிறோம். 180, 230, 270 என்று இருக்கும். அது கனம் மட்டுமே, தரம் அல்ல. மலிவான பளபளப்புப் பேப்பரில் சாதாரணக் காகிதத்தின் மேல் பூச்சு மட்டும் இருக்கும். ஈரத்தில் வளையும், அடர்ந்த நிறம் விழுந்த இடத்தில் அலை அலையாக எழும். ‘ஆர்சி’ அல்லது ‘ரெசின் கோட்டட்’ என்று போட்ட பேப்பரில் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருப்பதால் வளையாது. தொட்டால் ஸ்டுடியோ படம் போலவே இருக்கும். பாஸ்போர்ட் படத்துக்கும் பள்ளிக்கூட புராஜெக்டுக்கும் மலிவுப் பேப்பர் போதும். பிரேம் போடும் படத்துக்கு ஆர்சி வாங்குங்கள்.

எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியவில்லையென்றால் ஈர விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் பிரிண்ட் விழ வேண்டிய பக்கம். பின்னால் பேப்பர் வைக்கும் மெஷினில் அந்தப் பக்கம் நம்மைப் பார்க்க இருக்கும். முன்தட்டில் வைக்கும் மெஷினில் பெரும்பாலும் கீழே பார்க்க வைக்க வேண்டும். பின்பக்கத்தில் போட்டால் இங்க் உறிஞ்சப்படாமல் குளமாக நிற்கும். அடுத்த பேப்பரையும் கெடுக்கும்.

படம் போடும் வரிசை இது. முதலில் நாசில் செக் என்ற சோதனைத் தாள் ஒன்று சாதாரணப் பேப்பரில். கோடு எதுவும் அறுபடாமல் இருந்தால்தான் போட்டோ பேப்பரைக் கையில் எடுக்க வேண்டும். அடுத்து பேப்பரைக் காற்றாட விரித்துத் தட்டி, ஒரு நேரத்துக்கு ஒன்றாக வைக்கவும். பிறகு பிரிண்ட் செட்டிங்கில் இரண்டு இடம்: பேப்பர் அளவு, பேப்பர் வகை. இந்த வகை என்ற இடத்தைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அங்கே ‘பிளெய்ன் பேப்பர்’ என்று இருந்தால் மெஷின் இங்கை அதற்குத் தக்கபடி விடும். படம் வெளிறி, கோடு கோடாக வரும். ‘குளோசி’ வகை ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, தரத்தை ‘ஹை’ என்று வைத்தால் நேரம் கூடும், படம் மாறிவிடும். வேறு கம்பெனிப் பேப்பர் என்றால் செட்டிங்கில் உள்ள இரண்டு குளோசி வகையிலும் ஒரே படத்தைச் சின்னதாகப் போட்டு, எது நன்றாக வந்ததோ அதைப் பாக்கெட் மேலேயே எழுதிவையுங்கள்.

ஓரம் இல்லாமல் போடும் வசதியில் மெஷின் படத்தைக் கொஞ்சம் பெருக்கிவிட்டுத்தான் போடும். ஓரத்தில் கை, எழுத்து, தேதி எதுவும் இருந்தால் வெட்டுப்படும். பாஸ்போர்ட் படத்தை இப்படிப் போடவே கூடாது, அளவு மாறிவிடும். 35x45 மில்லிமீட்டர் படம் 4x6 பேப்பரில் நான்கு நான்காக இரண்டு வரிசை, மொத்தம் எட்டு உட்காரும். ‘ஆக்சுவல் சைஸ்’ என்று வைத்துப் போட்டபின் ஸ்கேலால் ஒரு முறை அளந்துவிடுங்கள். ஏ4 பேப்பரில் 4x6 படம் மூன்று வெட்டலாம்: மேலே இரண்டு நெட்டையாக, கீழே ஒன்று படுக்கையாக.

திரையில் பளிச்சென்று இருந்த படம் பேப்பரில் இருண்டு வருவதுதான் எல்லாரும் சொல்லும் குறை. திரை தானே ஒளி விடுகிறது, பேப்பர் அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரை வெளிச்சத்தை முழுசாக வைத்துப் படத்தைத் திருத்தினால் இருட்டான படத்தையே நல்ல படம் என்று நம்பிவிடுவோம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றுபோல் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அந்த நிலையில் படம் இருட்டாகத் தெரிந்தால் அப்போது ஏற்றலாம். சில நிறங்கள் திரையில் இருக்கும், இங்க்கில் வராது; மஞ்சள் வெயில் பட்ட நாற்றங்காலின் பச்சையும், அரக்குப் பட்டின் சிவப்பும் அப்படிப்பட்டவை. அவற்றை மேலும் மேலும் ஏற்றினால் நிறம் கூடாது, மடிப்பும் ஜரிகையும் அழிந்து ஒரே திட்டாகும்.

கோடு விழுந்தால், இங்க் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ‘ஹெட் கிளீனிங்’ ஒரு முறை கொடுத்து, நாசில் செக் பாருங்கள். மூன்று முறைக்கும் தீரவில்லையென்றால் மேலும் மேலும் கொடுக்காதீர்கள். பட்டனில் அணைத்து ஒரு இரவு விட்டு, காலையில் மறுபடி பார்த்தால் பல அடைப்பு ஊறித் திறந்திருக்கும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல இங்க் வடிந்து கழிவுப் பஞ்சில் சேர்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டது என்று மெஷின் கணக்குப் பார்த்தால் வேலையையே நிறுத்திவிடும். நிறம் பார்த்தே எது அடைத்திருக்கிறது என்று சொல்லலாம்: முகம் பச்சை பாய்ந்தால் மெஜந்தா வரவில்லை, நீலம் பாய்ந்தால் மஞ்சள் வரவில்லை, சிவந்து வந்தால் சியான் இல்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதும் நம்மூரில் கேட்க வேண்டிய கேள்வி. பட்டனில் அணைத்தால் ஹெட் தன் மூடிக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் மெஷின் அணையும். பாதிப் படத்தில் கரண்ட் போனாலோ, சுவர் சுவிட்சை அணைத்தாலோ ஹெட் திறந்த இடத்தில் நின்று காய ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் உடனே ஆன் செய்து, பட்டனில் அணைத்துவிடுங்கள். இங்க்ஜெட்டுக்கு மின்சாரம் கொஞ்சம்தான். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். குழாயில் காற்று புகுந்தால் சரிசெய்வது பாடு. வாரம் ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு சின்னப் படம் போட்டாலே அடைப்பு பெரும்பாலும் வராது. அப்படி வாரத்துக்கு ஒரு படம் போட உங்களுக்கு வேலை இருக்கிறதா என்பதுதான் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு அளவுகோல்.

கடையில் கொடுக்கும்போது

சின்ன ஊர் ஸ்டுடியோ பலவற்றில் லேப் மெஷின் கிடையாது. ஃபைலை வாங்கிப் பெரிய ஊர் லேபுக்கு அனுப்பி, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரவழைத்துத் தருவார்கள். உடனே கையில் கொடுத்தால் அது அங்கேயே இருக்கும் இங்க்ஜெட்டிலோ டை சப்ளிமேஷனிலோ போட்டதாக இருக்கும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் வீட்டுச் சுவரில் பல வருடம் மாட்டப்போகிற படம் என்றால் ‘லேபில கழுவித் தாங்க, ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்ல’ என்று சொல்லிவிடுங்கள்.

சொல்ல வேண்டிய இன்னொன்று கரெக்‌ஷன். லேப் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தானாகவே கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, நிறம் மாற்றிப் போடும். அதற்கு மேல் ஆபரேட்டரும் முகத்தை வெளுக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கும் என்று அவராகவே எடுத்துக்கொள்கிறார். மாநிறமும் கறுப்பும் அதனதன் ஒளியோடு வந்தால்தான் முகத்துக்குக் களை. வெளுக்க வைத்த முகத்தில் மூக்கின் நிழல், கன்னத்துக் குழி எல்லாம் போய்த் தட்டையாகிவிடும். நீங்கள் ஏற்கெனவே திருத்திய படம் என்றால், ‘அண்ணாச்சி, கரெக்‌ஷன் எதுவும் போட வேண்டாம், இருக்கிறபடியே போடுங்க’ என்று சொல்வதோடு நில்லாமல் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். படம் லேபுக்குப் போகும்போது நம் வாய்வார்த்தை கூடப் போகாது.

ஃபைல் ஜேபெக் ஆக, நிறவெளி (ஃபைலில் உள்ள எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்ற கணக்கு) எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்த படம் பல லேபில் வெளிறிப்போய் வரும், ஏனென்றால் அங்குள்ள மெஷின் எதையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். படத்தின் பெயரிலேயே அளவும் எண்ணிக்கையும் இருந்தால் தப்பு குறையும்: ‘அம்மா_8x12_மேட்_2’. குளோசி நிறத்தைத் தூக்கிக் காட்டும், கைரேகையையும் தூக்கிக் காட்டும். பலர் கை மாறும் ஆல்பத்துக்கும், எதிரே ஜன்னலோ டியூப் லைட்டோ இருக்கும் சுவருக்கும் மேட் நல்லது.

12x18 போன்ற பெரிய படத்துக்கு, முகம் வரும் பகுதியை மட்டும் அதே பெருக்கத்தில் 4x6 அளவுக்கு வெட்டி ஒரு சோதனைப் படம் போடச் சொல்லுங்கள். 4x6 காசில் முழுப் படத்தின் கூர்மையும் நிறமும் தெரிந்துவிடும். வாங்கும்போது கடைக்குள் டியூப் லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து நிழலில் பாருங்கள்.

கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் படம் தங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் படம், ஆதார் நகல் போன்றவற்றை எதிரிலேயே அழிக்கச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். அப்படிப்பட்ட வேலைகளுக்கு வீட்டு பிரிண்டர் இருந்தால் நிம்மதி என்பதும் உண்மை.

பெரியவர்கள் படம்

மாலை போட்டு மாட்டுவதற்கு வாக்காளர் அட்டையிலிருந்தோ பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்திலிருந்தோ பெரிதாக்கித் தரும் வேலை ஸ்டுடியோக்களில் எப்போதும் இருப்பது. இதில் எதிர்பார்ப்பைக் கணக்கோடு வைத்துக்கொள்ள வேண்டும். 25 மில்லிமீட்டர் உயரப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 1180 பிக்சல். அதை 8x10 ஆக்கினால் அங்குலத்துக்கு 118. சுவரில் இன்னும் தள்ளி மாட்டினால் ஓரளவு தாங்கும், கையில் பிடித்துப் பார்க்க முடியாது. அட்டையில் அச்சான படம் என்றால் அதிலும் அச்சுப் புள்ளிகள் இருக்கும்; ஸ்கேன் செய்யும்போது அலைபோன்ற கோலம் கூடுதலாக விழும். அதனால் அட்டைக்குப் போகும் முன் வீட்டில் கல்யாண ஆல்பம், சர்வீஸ் புத்தகம், பள்ளி குரூப் போட்டோ எல்லாவற்றையும் தேடுங்கள். குரூப் போட்டோவில் இருக்கும் சின்ன முகம், அசல் கழுவிய படமாக இருப்பதால், அட்டையைவிட நன்றாகப் பெருகும்.

இப்போது போன் ஆப்கள் மங்கல் முகத்தைக் கூர்மையாக்கித் தருகின்றன. அவை படத்தில் இருப்பதை எடுப்பதில்லை, இல்லாததைத் தாமாக வரைகின்றன. பல் வரிசை, கண் வடிவம், நெற்றிச் சுருக்கம் மாறிவிடும். தாத்தா மாதிரி ஒருவர் வருவார். ஆப்பில் போட்டதையும் அசல் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரை நேரில் பார்த்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிறகு பிரிண்ட் கொடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் இங்க்கில் போட்டால் லேசாகப் பச்சையோ செம்மையோ பாயும். வீட்டு மெஷினில் இதைத் தவிர்ப்பது கடினம். லேசான பழுப்பு நிறம் கொடுத்துவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

ரூபாய்க் கணக்கு

ஒரு பேச்சுக்கு, பிரிண்டர் 20,000 ரூபாய், மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 படம் போட்டால் மொத்தம் 720 படம். இங்க்கும் பேப்பரும் சேர்க்கும் முன்னாலேயே மெஷினுக்கு மட்டும் படத்துக்கு ஏறக்குறைய 28 ரூபாய். மாதம் 200 படம் என்றால் அதே செலவு 3 ரூபாய்க்கும் கீழே. இதோடு பேப்பர் விலை, இங்க், கிளீனிங்கில் வடிவது, பத்துக்கு ஒன்றாவது வீணாகும் என்ற கழிவு எல்லாம் சேரும். பின்பு உங்கள் ஊர்க் கடையில் 4x6 என்ன விலை என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் யோசனை: பிள்ளைகளின் பள்ளி வேலை, ஜெராக்ஸ், விண்ணப்பப் படம் என்று வாரம் தவறாமல் மெஷின் ஓடும் வீட்டில் ஆறு நிற டேங்க் பிரிண்டர் வாங்கலாம், போட்டோ அதில் கூடுதல் லாபம். போட்டோ மட்டும்தான், அதுவும் எப்போதாவதுதான், ஆனால் வீட்டிலேயே போட ஆசை என்றால் ரிப்பன் மெஷின், காய்ந்து அடைக்காது. வருடத்துக்குச் சடங்கு, கோயில் கொடை, பிறந்தநாள் என்று இரண்டு மூன்று தடவை நூறு நூறாகப் போடுபவர்களுக்கு லேபே போதும். 8x12க்கு மேல் எதுவானாலும், கல்யாண ஆல்பமானாலும் லேப்தான். வீட்டில் அதைப் போட முயல்வதில் பேப்பர்தான் வீண். மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் மலிவு ரீஃபில் இங்க் வாங்கி ஊற்றினால் நிறமும் மாறும், ஹெட்டும் போகும்.

படம் எத்தனை நாள் நிற்கும்

பழைய கலர் படங்கள் பல செம்மஞ்சளாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலப் பேப்பரில் சியான் சாயம் பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் தானே மங்கும்; மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இருப்பது சாயமல்ல, வெள்ளி. அதனால் அவை இன்னும் நிற்கின்றன. இப்போதைய லேப் பேப்பரில் சாயம் எவ்வளவோ தேறிவிட்டது. வீட்டு பிரிண்டரின் டை இங்க் (கரைந்த சாயம்), மலிவுப் பேப்பரில் விழுந்து, கண்ணாடி இல்லாமல் காற்றாடச் சுவரில் ஒட்டப்பட்டால் சில மாதத்திலேயே வெளிறும். வெயில் மட்டுமல்ல, காற்றில் உள்ள ஓசோனும் அதைத் தின்னும். பிக்மென்ட் இங்க் இதைவிட நன்றாகத் தாங்கும்.

வீட்டில் போட்ட படத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பிரேம் போட அல்லது லேமினேட் செய்ய ஒரு முழு நாள். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் மூட்டம் போடும். மிச்சப் போட்டோ பேப்பரைப் பாக்கெட்டிலேயே மடித்து, ஜிப் உறையில் போட்டுப் படுக்கையாக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்து கிடந்த பேப்பர் ஈரம் வாங்கி வளையும். வளைந்த ஓரத்தில் ஹெட் உரசிக் கறுப்பாக இழுத்துவிடும்.

உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலும், பாபநாசம், மணிமுத்தாறு போன்ற மலையடிவாரத்திலும் பிரேம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் படத்தின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஏற்கெனவே ஒட்டிப்போன பழைய படத்தை உரிக்க முயலாதீர்கள், முகம்தான் கண்ணாடியில் தங்கும். பிரேமிலிருந்து கண்ணாடியோடு சேர்த்தே வெளியே எடுத்து, கண்ணாடியின் முன்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அந்த ஃபைலிலிருந்து புதுப் படம் போட்டுக்கொள்ளுங்கள்.